நிரல் எழுதும் பலகையும் சிங்கைத் தமிழும்

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தும் சிறிது மாறியே வந்துள்ளது என்பதைத் தமிழ் வரிவடிவ வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிவர். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பெற்றன. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டையும் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டியிருந்தது. அச்சு வந்தபின் புள்ளி உறுதியாக நிலைபெற்றது. கொம்பின் சுழியும் ஒழுங்குற்றது. ஓலைக்கு ஏற்ற எழுத்தும், அச்சுக்கு ஏற்ற எழுத்தும், தட்டச்சுக்கு ஏற்ற எழுத்தும் நமக்கு வாய்த்தன. கணினிக்கு ஏற்ற எழுத்தைத் தேடிய முயற்சியில் சிங்கப்பூர் ஆற்றிய பங்கு, இத்தீவின் இலக்கிய வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக மட்டும் நின்றுவிடத் தக்கதன்று.

கணினிக்கு ஆணையிடும் நிரலை எழுதுவோர்க்கு ஒரு பணிக்களம் வேண்டும். எழுதுவதற்கு ஒரு பதிப்பி, காண்பதற்கு ஓர் எழுத்துரு, தட்டுவதற்கு ஒரு விசைப்பலகை, எழுதியதைக் கணினி அறியுமாறு மாற்றித் தருவதற்கு ஒரு தொகுப்பி என இவை யாவும் கூடியதே அப்பணிக்களம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர்க்கு இவற்றுள் எதைத் தேர்வது என்பது பெரிதும் வசதியையும் பழக்கத்தையும் பொறுத்தது. இந்தப் பதிப்பி விரைவானது, அந்தப் பதிப்பி பிழைகளை முன்னரே காட்டுவது என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருப்பர். தமிழை உள்ளே கொண்டுவர விரும்பியவர்க்கோ தேர்வு வேறொரு தன்மையுடையதாயிற்று. எப்பலகை தமிழை எழுத்தாக மதிக்கிறது, எப்பலகை அதை வெறும் கோடாகக் கருதுகிறது என்பதே அவர்கள் முதலில் கேட்க வேண்டிய வினாவாக இருந்தது. தேக்காச் சந்தையிலிருந்து சிம் லிம் சதுக்கத்துக் கணினிக் கடைகளுக்குச் சிறிது நேரத்தில் நடந்து சென்றுவிடலாம். ஆயினும் அக்கடைகளில் விற்ற பொறிகள் சிராங்கூன் சாலையின் எழுத்தைத் தாமாகவே அறிய நெடுங்காலம் ஆயிற்று.

இச்சிக்கல் கணினியோடு தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோதே, நம் எழுத்துகள் 247க்கும் ஒவ்வொரு விசை தர இயலாது என்பதை உணர்ந்திருந்தார். அவர் கண்ட வழி நுட்பமானது. புள்ளிக்கும் இகர ஈகாரக் குறிகளுக்கும் நகராத விசைகளை அமைத்தார். முதலில் குறியைத் தட்ட வேண்டும்; உருளை நகராது நிற்கும்; பின்னர் மெய்க்குரிய விசையைத் தட்டினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். புள்ளி முன்னும் எழுத்துப் பின்னுமாக எழுதும் இம்முறை கையெழுத்துக்கு மாறானதேயெனினும், எந்திரம் என்ன செய்யவல்லதோ அதனோடு ஒத்துச் சென்றது. எந்திரத்துக்காக மொழியைக் குறைக்காமல், எந்திரத்தின் இயக்கத்தையே மொழிக்காக மாற்றினார் அவர். பின்வந்தோர் அனைவரும் இத்துணிவு கொண்டிருந்தனர் எனச் சொல்ல இயலாது.

மேசைக் கணினிகள் பெருகிய காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. அவற்றுட் பல ஓர் எளிய தந்திரத்தை மேற்கொண்டன. கணினி அறிந்த ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினி என்னும் எழுத்துரு இவ்வகைக்கு நன்கறிந்த சான்று. அதில் ‘தமிழ்’ என்று எழுதுபவர் உண்மையில் தட்டுவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. திரையில் தமிழ் தோன்றும். கணினியின் நினைவிலோ தமிழ் இல்லை. திருமண அழைப்பிதழும் கோயில் விழா அறிவிப்பும் அச்சிட இது போதுமானதாக இருந்தது. தாளில் ஏறியபின் உள்ளே என்ன இருந்தது என்று எவரும் கேட்பதில்லை அல்லவா?

நிரலாளர்க்கு இது போதவில்லை. சி போன்ற நிரல்மொழிகளில் ஒரு கூற்று முடிந்தது என்பதைக் காட்டுவது அரைப்புள்ளி. பாமினியில் மெய்யின் புள்ளிக்குரிய இடமும் அதே அரைப்புள்ளி. ஆகவே இவ்வெழுத்துருவில் ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராக நிரலில் இட்டால், ஒற்று வரும் இடந்தோறும் வாக்கியம் முடிந்துவிட்டதாகத் தொகுப்பி கொள்ளும். தமிழில் ஒற்றின்றி எத்தனை சொற்கள் உண்டு? மேலும் பதிப்பியில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தால் நிரலின் ஆங்கிலக் கட்டளைகள் எல்லாம் பொருளற்ற தமிழாக மாறித் தோன்றும். ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தால் தமிழ் அனைத்தும் பொருளற்ற ஆங்கிலமாகும். ஒரே பக்கத்தில் இரண்டையும் படிக்க இயலாத பலகையில் எவரும் நெடுநேரம் வேலை செய்ய முடியாது.

இங்குதான் சிங்கப்பூரின் சூழல் பயன்பட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகளாக உள்ள நாட்டில், ஒரு மொழி மட்டும் தனியறையில் வாழ்வது இயல்பன்று. சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றை 256 இடங்களுக்குள் அடக்க எவரும் கனவிலும் கருதமாட்டார். ஆகவே சீனத்தை இணையத்தில் ஏற்ற முனைந்தோர் எழுத்துருத் தந்திரங்களோடு அமைய முடியாது, குறியேற்றம் என்னும் அடிப்படையையே ஆராய வேண்டியவராயினர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் டான் டின் வீயும் லியோங் கொக் யோங்கும் இத்துறையில் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களோடு இணைந்தவர் தேசியக் கல்விக் கழகத்தின் தமிழ் விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பொன்று இணையத்தில் வெளியிடப்பெற்றது. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். உலகளாவிய வலையில் தமிழ் ஏறிய தொடக்கக் காலப் பக்கங்களுள் அத்தொகுப்பின் தமிழ்ப் பகுதியும் ஒன்று. வலைப்பக்க மொழியே அப்போது மேலை ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் மனங்கொண்டு வகுக்கப்பட்டிருந்தது என்பதை நோக்க, இது எளிதாக எய்திய செயலன்று என்பது புலனாகும். ஒரு பக்கத்தைத் தமிழில் காட்ட எளிய வழியொன்று இருந்தது. எழுத்துகளைப் படமாக ஆக்கி ஒட்டிவிடலாம். படத்தை எவரும் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது, திருத்த இயலாது, பிறர்க்கு எடுத்தனுப்ப இயலாது. தமிழை எழுத்தாகவே அனுப்புவதென்ற வழியைச் சிங்கைக் குழுவினர் நாடினர். அதற்காகப் படிப்பவர் தம் கணினியில் எழுத்துருவை முன்னரே நிறுவிக்கொள்ள வேண்டிய தொல்லை நேர்ந்தது. அத்தொல்லையை ஏற்றுக்கொண்டதில்தான் அவர்களுடைய தொலைநோக்கு விளங்குகிறது என்பது என் கருத்து.

நா. கோவிந்தசாமியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர் அவர். ‘வேள்வி’, ‘தேடி’ ஆகியவை அவருடைய நூல்கள். கதை எழுதுபவர் ஒருவர் குறியேற்றத்தில் தலையிடுவது நம் காலத்துக்கு வியப்பாகத் தோன்றலாம். எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் அது எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்று கேட்பதில் உண்மையில் வியப்பில்லை. அவர் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்குக் ‘கணியன்’ என்று பெயர். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் அப்பெயர், கணித்தல் என்னும் பொருளாலும் கணினிக்குப் பொருந்துவது. ‘இணையம்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே என்பர். இன்று அச்சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளும் வழங்குகின்றனர். ஆக்கியவர் பெயர் அவர்களுள் பலர் அறியாதது.

1997 மே மாதத்தில் இணையத் தமிழ் குறித்த முதல் அனைத்துலகக் கருத்தரங்கைச் சிங்கப்பூரில் கூட்டுவதில் அவரே முன்னின்றார். அதுவரை கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலையும், தமிழகத்திலும் பிற நாடுகளிலும் வேறு பலர் தத்தம் மென்பொருள்களையும் தனித்தனியே வளர்த்து வந்தனர். ஒருவருடைய பொறியில் எழுதிய மடலை மற்றொருவர் பொறியில் திறந்தால் கந்தரகோலமாகத் தோன்றும். ஒரே தாய்மொழியினர் ஒருவர்க்கொருவர் படிக்க இயலாத மடல்களை அனுப்பிக்கொண்டிருந்த நிலை அது. பொதுக் குறியேற்றம் ஒன்று வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எது என்பதில்தான் நிறைய இருந்தது.

அவ்விவாதத்திலிருந்து விளைந்தவற்றுள் ஒன்று ‘திஸ்கி’ எனச் சுருக்கமாக அழைக்கப்பெற்ற குறியேற்றம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் முத்து நெடுமாறனும் பல நாட்டுத் தமிழரும் மின்னஞ்சல் வழியே கலந்து அதனை வகுத்தனர். 256 இடங்களுள் முற்பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, பிற்பாதி 128இல் தமிழ் வடிவங்களை அமைப்பது அதன் நெறி. நிரலாளர் வேண்டியது இதுவே! கட்டளை ஆங்கிலத்திலும் செய்தி தமிழிலுமாக ஒரே பக்கத்தில் இருக்கலாம். அரைப்புள்ளி அரைப்புள்ளியாகவே நிற்கும். புள்ளியிட்ட மெய்களுக்குத் தனி இடங்கள் உண்டு.

ஆயினும் வாடகை வீட்டில் குடியேறியவர்க்குரிய இடர்கள் இங்கும் நேர்ந்தன. அப்பிற்பாதியில் 173ஆம் இடத்தைக் கணினி உலகம் முன்னரே வேறொன்றுக்கு ஒதுக்கியிருந்தது. வரியிறுதியில் சொல்லை முறிக்கும்போது மட்டும் தோன்றி, ஏனைய இடங்களில் மறைந்து நிற்கும் ஒரு சிறு கோட்டுக்குரிய இடம் அது. அவ்விடத்தில் ‘இ’ என்னும் உயிரை அமர்த்தினர். சில மென்பொருள்கள் அதனை எழுத்தென்று அறியாது மறைத்துவிடவே, ‘இலக்கியம்’ தன் முதலெழுத்தை இழந்து தோன்றும் அவலம் நேர்ந்தது. பின்வந்த 1.7 பதிப்பில் இகரத்துக்கு வேறோர் இடம் தரப்பட்டது. இலக்கணத்தில் குற்றியலிகரம் உண்டு. கணினியில் மறையிகரம் ஒன்றும் சிலகாலம் இருந்தது எனலாம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டையடுத்துத் தமிழக அரசு வேறு குறியேற்றங்களையும் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. இவ்விசைப்பலகை பற்றித் தமிழாசிரியர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. உயிர்கள் இடக்கைப் பக்கத்திலும் மெய்கள் வலக்கைப் பக்கத்திலும் பெரும்பாலும் அமைய, உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய் ஆகும் இலக்கண நெறியே அங்கு விரல்களின் நெறியாகிறது. ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வரும். ‘பக்கம்’ என்பதில் ககர ஒற்றுக்குப் புள்ளி தேடி விரல் அலைய வேண்டியதில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் நா. கோவிந்தசாமி மறைந்தார். அவர் தொடங்கிய மாநாட்டு மரபு தொடர்ந்தது. 2000 ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கே வந்தபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ தோற்றம் கொண்டது.

இதற்கிடையில் உலகம் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தது. எல்லா மொழிகளுக்கும் ஒரே பட்டியல் என்னும் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991இலேயே முதற்பதிப்பை வெளியிட்டுவிட்டது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி கிடைத்தது. அப்பகுதியின் அமைப்பு இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுத் தரத்தைப் பின்பற்றியது. அத்தரமோ தேவநாகரியை முன்மாதிரியாகக் கொண்டது. ஆகவே அங்கு மெய் முதலெழுத்தாக இல்லை. அகரமேறிய ‘க’ முதலில். அதன்மேல் புள்ளியிட்டால் ‘க்’. மெய்யோடு உயிர் சேர்வதே உயிர்மெய் எனக் கற்பித்துவரும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தமிழறிஞர் பலர் மனம் வருந்தினர். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் மாற்று அமைப்பை முன்மொழிந்தனர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அம்மாற்று அமைப்பையும் சேர்த்தே தரமாக அறிவித்தது.

நிரலாளரின் பணிக்களமோ இவ்விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. சில காலம் எதிர்த்திசையிலும் இழுத்தது. 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 அந்நாளில் பலரும் விரும்பிய களம்; பொத்தானையும் பெட்டியையும் திரையில் இழுத்து வைத்தே ஒரு மென்பொருளைச் சமைத்துவிடலாம். அதன் பெட்டிகளில் திஸ்கி எழுத்துருவைப் பொருத்தினால் தமிழ் அழகாகத் தோன்றும். ஒருங்குறித் தமிழை இட்டாலோ எழுத்துக்கொரு கேள்விக்குறியே வரிசையாகத் தோன்றும். 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் ஒருங்குறித் தமிழைத் தானே அறிந்திருந்தும், அதன்மேல் நின்ற களம் அறியவில்லை. ஆகவே அறிவுடையோர் பலர் பழைய குறியேற்றத்திலேயே நின்றனர் என்றால் அதனை மரபுப்பற்று என்றோ பிடிவாதம் என்றோ பழிப்பது நேர்மையன்று. அவர்கள் கையிலிருந்த பலகை அத்தகையது.

நிலை மெல்ல மாறிற்று. 1996இல் வந்த ஜாவா, நிரலில் இடும் பெயர்கள் எம்மொழியிலும் இருக்கலாம் என்றது. 2008 இறுதியில் வெளியான பைத்தான் மூன்றாம் பதிப்பும் அதனை ஏற்றது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் பெயர்கள் மட்டுமன்றிக் கட்டளைச் சொற்களே தமிழாக அமைந்தன. இவ்வசதிகளை எல்லாம் தந்தது ஒருங்குறியே. இலக்கண நேர்மையில் அதனினும் சிறந்த அமைப்பு இயலும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உலகெங்கும் பதிப்பிகளையும் தொகுப்பிகளையும் செய்வோர் தமிழ் அறியாதவர். அவர்கள் எந்தப் பட்டியலை நோக்கி வேலை செய்கிறார்களோ அதில் இருக்கும் எழுத்துக்கே வாழ்வுண்டு. நான்மொழி நாட்டில் வாழும் நமக்கு இது விளங்கக் கடினமானதன்று.

இருந்தும் அத்தலைகீழ் அமைப்பின் விளைவுகள் இன்றும் பலகையில் தென்படுகின்றன. வகுப்பில் காட்டத்தக்க சான்றுகள் சில உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று முதல் வகுப்பு மாணவனைக் கேட்டால் மூன்று என்பான். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிவிடுகிறது. முன்பின் திருப்பினாலும் மாறாத ‘விகடகவி’யை அதனிடம் தந்து திருப்பிப் பார்க்கச் சொன்னால், இது அவ்வகைச் சொல்லன்று என்று துணிந்து கூறிவிடும். வகரத்தின் குறி பின்னால் நிற்பதால், திருப்பும்போது குறி முன்னும் வகரம் பின்னுமாகிச் சொல் சிதைகிறது. ஒரு வரியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க அதனுடன் இயல்பாக வரும் கருவி, ‘தமிழ்’ என்பதைத் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டாக வெட்டித் தருகிறது. குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தின் உறுப்பாகக் கொள்வதில்லை.

அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறிப் பட்டியலில் நகரத்தை அடுத்தே னகரம் வருகிறது. நம் நெடுங்கணக்கில் அது இறுதி மெய். ஆகவே பட்டியல் எண்ணை மட்டும் நம்பி வரிசைப்படுத்தும் நிரல் ‘அன்னை’யை முன்னும் ‘அப்பா’வைப் பின்னும் வைக்கும். தமிழ் அகராதியிலோ ‘அப்பா’வே முந்தும். உணர்வு நோக்கில் கணினியின் வரிசை சிறந்தது என்பாரும் இருக்கலாம்! மாணவர் பெயர்ப்பட்டியலையும் கலைச்சொல் தொகுதியையும் வரிசைப்படுத்தும் ஆசிரியர்கள் இதனை நேரில் கண்டிருப்பர். காரணம் இதுவென்று அறிந்திருக்கமாட்டார்கள். மொழிக்குரிய வரிசையைக் கேட்டு வாங்கும் ஏற்பாடுகள் நிரல்மொழிகளில் இருக்கின்றன. கேட்காதவர்க்கு அவை தாமாக வருவதில்லை. எழுத்தெண்ணும் குறையைப் போக்கவும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறந்தநிலை நிரல்தொகுதி உள்ளது. அதன்வழிப் பிரித்தால் ‘விகடகவி’ ஐந்தெழுத்தாகவே நிற்கும்.

இன்று நிரல் பயிலும் மாணவர் பதிப்பி ஒன்றைத் தேர்கையில், அதில் ‘கொ’ என்று எழுதி ஒருமுறை பின்னழித்துப் பார்க்கலாம். குறி மட்டும் போகிறதா, முழு எழுத்தும் போகிறதா என்பது பதிப்பிக்குப் பதிப்பி வேறுபடும். நிரல் பதிப்பிகள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்னும் கொள்கையுடையவை. தட்டச்சுப் பொறியின் எச்சம் அது. ‘ஔ’வும் ‘ர’வும் ஒரே அகலத்தில் அடங்க மாட்டா, ஆகவே தமிழ் கலந்த வரியில் பத்திகள் கோணலாகத் தோன்றும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. வரிகளை நேர்படுத்தும் ஆசையைச் சிறிது கைவிட்டால் போதும்.

பழைய குறியேற்றங்களில் எழுதப்பெற்றவை இன்னும் பலர் வீடுகளில் வட்டுகளாகக் கிடக்கின்றன. கதையும் கட்டுரையும் நாடகமும் அவற்றுள் இருக்கலாம். இவ்வகைக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது மட்டும் தெரிய வேண்டும். எழுதியவர் உயிருடன் இருக்கும்போதே எழுத்துருவின் பெயரைக் கேட்டு வட்டின்மேல் எழுதி வைத்தல் நன்று. தட்டச்சில் எழுதிய தாளை எக்காலத்தும் படிக்கலாம். 1990களின் ஒரு கோப்பைப் படிக்க அந்த ஒரு பெயர் வேண்டும்.